பனங்கொட்டையும் பைந்தமிழும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் விழாவில், மழலையர் வகுப்பைப் பற்றிய உரைக்கு என்ன இடம் என்று சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்புக்கு விடை சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது.

நற்றிணையின் 172-ஆம் பாட்டில் ஒரு புன்னை மரம் நிற்கிறது. அதன் நிழலில் தலைவனோடு சிரித்துப் பேசத் தலைவி நாணுகிறாள். அதன் காரணத்தைத் தோழி எடுத்துரைக்கிறாள். சிறுமியராய் இருந்த நாளில் அவர்கள் ஆயத்தோடு விளையாடும்போது ஒரு புன்னை விதையை வெண்மணலில் அழுத்தி வைத்தார்கள். பின்னர் அதை மறந்து போனார்கள். விதை முளைத்தது. நெய் கலந்த பாலை ஊற்றி அதனை வளர்த்தார்கள். அன்னையோ அம்மரத்தைக் காட்டி, இஃது உங்களினும் சிறந்தது, உங்களுக்குத் தங்கை முறை என்று சொல்லிவிட்டாள். தங்கை பார்த்திருக்கக் காதலனோடு எப்படிச் சிரித்துப் பேசுவது?

இப்பாட்டின் நாணமும் உயிரிரக்கமும் இலக்கிய மேடைகளில் பலமுறை பேசப்பெற்றவை. இவ்வுரைக்கு வேண்டுவது அப்பாட்டின் தொடக்கம். ஒரு குழந்தையின் கை, ஒரு விதை, கொஞ்சம் மணல். இம்மூன்றும் சேர்ந்தபோது விளையாட்டுப் பிறந்தது. விளையாட்டிலிருந்து மரம் பிறந்தது. மரத்திலிருந்து உறவு பிறந்தது. உறவிலிருந்து கவிதை பிறந்தது. அச்சிறுமி புன்னையைச் சுவரில் மாட்டிய படத்தில் மட்டுமே கண்டிருந்தால் அவளுக்கு அம்மரம் தங்கையாகியிராது. தமிழுக்கும் இப்பாட்டுக் கிடைத்திராது.

கையில் படாத பொருளின் பெயர் நாவில் தங்குவதில்லை. நாவில் தங்காத சொல் கவிதைக்கு வந்து சேர்வதில்லை. இவ்வுரை சொல்ல வருவது இது ஒன்றே. மற்றவை அதற்கு விளக்கங்கள்.

பிள்ளைத்தமிழ் காட்டும் பாடத்திட்டம்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவானவை. இறுதி மூன்றும் வேறுபடும். ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல். இவற்றை ஒரு கல்வியாளரின் கண்கொண்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஏழு பருவம் வரை குழந்தை தன் உடலாலும் குரலாலும் தாயின் முகத்தாலும் கற்கிறது. அதன் பின்னர்ப் பொருள்களால் கற்கத் தொடங்குகிறது. சிற்றிலுக்கு மணல், கழங்குக்குக் காய், நீராடலுக்கு நீர், ஊசலுக்கு மரக்கிளை. இவை யாவும் ஊர் கொடுத்தவை, பருவம் கொடுத்தவை. மழலையர் கல்வி என்ற பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதன் உள்ளடக்கத்தைத் தமிழ்ப் புலவர்கள் பாட்டுக்குரிய பொருளாக மதித்தார்கள் என்பது ஈண்டு நினையத் தக்கது.

ஆனால், பாட்டில் போற்றப்பெற்றது பள்ளியில் இடம்பெறவில்லை. அதனைப் பள்ளிக்குள் கொண்டுவந்த பெருமை செருமனியில் தோன்றிய ஒருவரைச் சாரும்.

தோட்டத்தில் தொடங்கிய பள்ளி

பிரெடரிக் புரோபெல் 1782-இல் துரிங்கியா மலைநாட்டில் பிறந்தார். பிறந்த ஒன்பதாம் மாதத்திலேயே தாயை இழந்தார். பதினைந்தாம் வயதில் ஒரு வனக் காவலரிடம் தொழில் பயில அனுப்பப்பெற்றார். காட்டு மரங்களே அவருக்கு ஆசான்களாயின. பின்னர்ப் பெர்லினில் கனிமப் படிகங்களை ஆராயும் பணியிலும் இருந்தார். மரம் வளர்வதிலும் படிகம் உருவாவதிலும் கண்ட ஒழுங்கைக் குழந்தையின் வளர்ச்சியிலும் அவர் கண்டார். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடம் ஒன்றை நிறுவினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அது வெறும் உவமைப் பெயர் அன்று. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் சிறு பாத்தி இருந்தது. குழந்தை தானே விதைத்தது. தானே நீர் ஊற்றியது.

புரோபெல் குழந்தைகளுக்கு அளித்த விளையாட்டுப் பொருள்களை 'பரிசுகள்' என்று அழைத்தார். முதற்பரிசு ஆறு நிறக் கம்பளி நூற்பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். ஊறவைத்த பட்டாணியில் மெல்லிய குச்சிகளைச் செருகி வீடும் கோபுரமும் கட்டும் வேலையும் அவர் வகுத்ததே. 1844-இல் தாய்மார்கள் குழந்தைகளோடு விரல் அசைத்து விளையாடிப் பாடுவதற்கான பாட்டு நூல் ஒன்றையும் வெளியிட்டார். மழலையர் பள்ளியின் தந்தை பாட்டு நூலும் தந்தவர் என்பதைப் பாவலர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

விளையாட்டு ஆட்சியாளர்க்கு அச்சம் தருமா? தந்தது. 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே புரோபெல் மறைந்தார். 1860-இல் தடை நீங்கியதை அவர் காணவில்லை.

பெட்டியிலிருந்து முற்றத்திற்கு

தடையினும் பெரிய இடர் புகழால் வந்தது. புரோபெலின் பரிசுகள் தொழிற்சாலைப் பண்டங்களாயின. அமெரிக்காவில் மில்ட்டன் பிராட்லி நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைப் பெட்டிகளில் அடைத்து விற்றது. காட்டில் பிறந்த கருத்து கடையில் வாங்கும் பொருளாயிற்று. தோட்டம் பின்தங்கியது, பெட்டி முன்வந்தது.

1907-இல் உரோமை நகரின் சேன் லொரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரியின் கருவிகளுக்கும் இந்நிலை நேர்ந்தது. அவ்வம்மையார் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி அளித்தார். உலகப் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் அவர்தம் நடமாட்டத்திற்குக் கட்டுப்பாடு வந்தது. போர்க்காலத்தில் அவர் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். செடி, பூச்சி, மண், வான் ஆகிய யாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் குழந்தைக்கு உணர்த்தும் கல்வியை அங்கே விரித்துரைத்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பினார். அவர் வகுத்த கருவிகள் நுட்பமானவை, விலையும் மிகுந்தவை. சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அவை எட்டவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர் தாராபாய் மோடக். 1920-இல் குசராத்தின் பாவநகரில் குழந்தைப் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றி, மாண்டிசோரி முறையைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். 1945-இல் மகாராட்டிரக் கடற்கரைச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளி அவர்களின் முற்றத்திற்குச் சென்றது. முற்றத்துப் பள்ளி என்னும் பொருள்படும் 'அங்கன்வாடி' என்ற பெயர் அவ்வாறு பிறந்ததே. விலையுயர்ந்த கருவிகளின் இடத்தில் இலையும் பூவும் கூழாங்கல்லும் சிப்பியும் வந்து அமர்ந்தன. 1957 முதல் கோசுபாட் மலையில் அவரும் அனுதாய் வாக் அம்மையாரும் பணியைத் தொடர்ந்தனர். மாடு மேய்க்கும் குழந்தைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பெற்றபோது 'அங்கன்வாடி' என்ற அப்பெயரே நாடெங்கும் பரவியது.

பெயர் பரவிய அளவுக்கு உள்ளடக்கம் பரவவில்லை. முற்றம் என்ற பெயரைத் தாங்கிய கூடங்கள் பலவற்றில் முற்றத்துப் பொருள்கள் இல்லை. சுவரில் வண்ணப் படங்கள் உண்டு; அவற்றில் ஆப்பிள் உண்டு. வாசலில் வேம்பு பழுத்துக் கொட்டிக் கிடக்கும். உள்ளே குழந்தைகள் அவ்வூரில் விளையாத கனியின் பெயரைக் கூவிக் கொண்டிருப்பார்கள்.

ஆறு பொழுதும் ஒரு வகுப்பறையும்

தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இதனையே மழலையர் வகுப்பின் பாடத்திட்டமாகக் கொள்வதற்குத் தடை யாது?

பள்ளி திறக்கும் காலம் முதுவேனில். ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழம் உதிரும். நாவல் பழுக்கும். உதிர்ந்த நாவற்பழத்தின் மண்ணை ஊதும்போதே ஔவையார் கதையைச் சொல்லிவிடலாம். சுட்ட பழம் எது, சுடாத பழம் எது என்பதைக் குழந்தையின் உதடே அறிந்துகொள்ளும். நுங்கு தின்ற பின் எஞ்சும் கூடுகள் இரண்டைக் குச்சியால் இணைத்தால் வண்டி. அச்சு எது, சக்கரம் எது என்பது சொல்லாமலே விளங்கும். ஆடிக்காற்றில் பனையோலைக் காற்றாடி சுழலும். காற்றுக்கு எதிரே ஓடினால்தான் அது விரைந்து சுழலும் என்பதை எந்தக் குழந்தைக்கும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆவணி, புரட்டாசியாகிய கார்காலத்தில் களிமண் பதமாகும். உருட்டினால் உருண்டை, நீட்டினால் பாம்பு, அழுத்தினால் அகல். இக்காலத்தில்தான் பனம்பழமும் விழும். அதனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியது உண்டு.

ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மழைநீர் ஓடும் வாய்க்காலில் எந்த இலை மிதக்கும், எந்தக் கொட்டை மூழ்கும் என்று பார்ப்பதே பாடம். மரமல்லி இரவில் உதிர்த்த பூக்களைக் காலையில் பொறுக்கிக் கோக்கலாம். அதன் நீண்ட காம்புகளை நூல் இல்லாமலே பின்னலாம். மார்கழி, தை முன்பனி. கோலப்புள்ளி எண்ணிக்கையையும் ஒழுங்கையும் ஒருசேரக் கற்பிக்கும். புது நெல்லும் வைக்கோலும் கரும்புத் தோகையும் வகுப்புக்கு வரும். மாசி, பங்குனி பின்பனி. புளி உலுக்கும் காலம். இலைகள் உதிரும், எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். இளவேனிலில் கொன்றை பூக்கும், மாம்பிஞ்சு விழும். அப்போது பள்ளி விடுமுறைக்கு ஆயத்தமாகும்.

ஊருக்கு ஊர் இப்பட்டியல் மாறும், மாறவும் வேண்டும். நெய்தல் நிலத்துக் குழந்தைக்குச் சிப்பியும் சோழியும். மலையூர்க் குழந்தைக்குக் காட்டு விதைகளும் பாசியும். அச்சிட்ட ஒரே புத்தகம் இவ்வேறுபாட்டைத் தாங்காது. பருவம் எழுதும் புத்தகம் தாங்கும்.

புளியங்கொட்டை நடத்தும் கணக்கு

பங்குனி மாதத்து வகுப்பு ஒன்றை மனக்கண்ணில் காணலாம். தரையில் பாய். பாயில் ஒரு கூடைப் புளியங்கொட்டை. ஐந்து வயதுக் குழந்தைகள் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி பெரியவற்றையும் சிறியவற்றையும் பிரிக்கிறாள். ஒருவன் வரிசையாக அடுக்கித் தொடர்வண்டி என்கிறான். இருவர் ஒற்றையா இரட்டையா ஆடுகிறார்கள். இன்னொருத்தி ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வைக்கிறாள். தாயம் உருட்ட அவளுக்குக் கருவி கிடைத்துவிட்டது.

ஆசிரியை ஐந்து கொட்டைகளை நெருக்கமாகவும் ஐந்து கொட்டைகளை விலக்கியும் இரு வரிசைகளாக வைத்து, எதில் மிகுதி என்று கேட்கிறார். விலக்கி வைத்த வரிசையில் என்று பல குழந்தைகள் சொல்லும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896-1980) இதனை விரிவாக ஆராய்ந்து காட்டினார். இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்ற அறிவு சொல்லிக் கொடுப்பதால் மட்டும் வருவதில்லை. நகர்த்தி நகர்த்திப் பார்த்த கைக்குத்தான் அது வரும். பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்தாக இட்டால் 70 கொட்டைகள். பாட்டி வீட்டுத் திண்ணையில் இருந்த அந்தப் பலகை, கூட்டலும் கழித்தலும் பங்கீடும் ஒருங்கே பயிற்றிய கணக்குக் கூடம்.

ஓவியரும் சிற்பியுமான சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், குழந்தையின் படைப்பாற்றல் அதைச் சுற்றியுள்ள மாற்றி அமைக்கக்கூடிய பொருள்களின் எண்ணிக்கையையும் வகைகளையும் பொறுத்து வளரும் என்றார். பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மைக்கு ஒரே வேலை. புளியங்கொட்டைக்கு அவ்வரையறை இல்லை. அது வண்டியாகும், காசாகும், சோறாகும், நட்சத்திரமாகும்.

இங்கேதான் கவிஞர் கூர்ந்து நோக்க வேண்டும். உருசிய உளவியல் அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில், குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைச் சுட்டினார். குதிரை என்ற பொருண்மையைக் குதிரையிடமிருந்து பிரித்தெடுத்துக் குச்சியின்மேல் ஏற்றுகிறது அக்குழந்தை. தமிழ் அணியிலக்கணத்தில் இதற்கு உருவகம் என்று பெயர். பூவரச இலையைச் சுருட்டி நாதசுவரமாக ஊதும் மூன்று வயதுக் குழந்தை தன் முதல் உருவகத்தைப் படைத்துவிட்டது. அதற்குப் பின்னர் வருவன யாவும் அதன் திருத்தப் பதிப்புகளே.

காவோலையும் குருத்தோலையும்

இனிப் பனம்பழத்திற்கு வருவோம். விழுந்த பழத்தின் சாற்றைச் சுவைத்த பின் கொட்டையை எறிந்து விடாமல் பள்ளி முற்றத்து மணலில் பாத்தி கட்டிப் புதைக்கலாம். நாள்தோறும் ஒரு குழந்தை ஒரு கூழாங்கல்லைச் சட்டியில் இடட்டும். பத்துச் சேர்ந்ததும் ஒரு குவியல். முளை மேலே வரும் என்று குழந்தைகள் காத்திருப்பார்கள். பனையின் முளையோ முதலில் கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளர்ச்சி நடக்கிறது என்பதை ஐந்து வயதில் அறிவது எளிய செய்தி அன்று. நான்கு மாதம் கழித்துத் தைப்பொங்கலை ஒட்டிப் பாத்தியைத் தோண்டினால் கிழங்கு. பன்னிரண்டு குவியல் கற்களும் சாட்சியாக இருக்கும். கொட்டையைப் பிளந்தால் உள்ளே இனிக்கும் பஞ்சு போன்ற பருப்பு. அதனைச் சில ஊர்களில் தவுன் என்பார்கள்; சில ஊர்களில் பூரான் என்பார்கள்.

இந்த ஒரு மரம் தமிழுக்குக் கொடுத்த சொற்களை எண்ணிப் பாருங்கள். குரும்பை, நுங்கு, பனங்காய், பனம்பழம், கொட்டை, கிழங்கு, வடலி. பாளை, பன்னாடை, மட்டை. குருத்தோலை, சாரோலை, காவோலை. 'காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்' என்பது பழமொழி. முதியோரின் வீழ்ச்சியைக் கண்டு இளையோர் நகைப்பதும், அவ்விளையோருக்கும் அந்நாள் வரும் என்பதும் அதன் உட்பொருள். காவோலையின் முரட்டுச் சரசரப்பையும் குருத்தோலையின் வெண்மையையும் விரலால் அறிந்தவனுக்கு அப்பழமொழி நெஞ்சில் தைக்கும். அறியாதவனுக்கு அதற்கு அடிக்குறிப்பு வேண்டும். அடிக்குறிப்பு வேண்டிய பழமொழி பாதி இறந்த பழமொழி.

இலையின் நிலைகளும் அவ்வாறே. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. ஒரே மரத்தடியில் இவ்வைந்தையும் பொறுக்கி வரிசைப்படுத்தச் சொன்னால் குழந்தை மகிழ்ந்து செய்யும். வரிசை என்னும் கணக்கறிவும், வளர்ச்சி என்னும் அறிவியலும், ஐந்து தமிழ்ச் சொற்களும் ஒரே விளையாட்டில் வந்து சேரும். மலரைக் குறிக்க அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பருவந்தோறும் பெயர் வைத்த மொழியில், எல்லாவற்றிற்கும் 'பூ' என்ற ஒரு சொல்லே எஞ்சுமாயின் அவ்விழப்பு மழலையர் வகுப்பில் தொடங்கிய இழப்பு.

மற்றொரு செய்தியும் உண்டு. பனையேறும் தொழிலாளியின் குழந்தைக்கு இச்சொற்களெல்லாம் வீட்டிலேயே வந்துவிடும். அச்சிட்ட புத்தகம் மட்டுமே அறிவாக எண்ணப்படும் வகுப்பில் அக்குழந்தை வாய் திறவாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும். காவோலையும் பன்னாடையும் வகுப்புக்குள் நுழையும் நாளில் அதே குழந்தை ஆசிரியருக்கும் ஆசிரியராகும். பழைய திண்ணைப் பள்ளிகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பது வரலாறு. நுங்கு வண்டி ஓட்டிய பிள்ளைகளில் பலர் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். ஆகவே பழங்காலத்தைப் பொற்காலமாகப் பாடுவது இவ்வுரையின் நோக்கமாகாது. அன்று பள்ளிக்கு வெளியே நின்ற குழந்தையையும் அதன் அறிவையும் ஒருசேர உள்ளே அழைப்பதே நோக்கம்.

இரண்டு எச்சரிக்கைகள்

இயற்கைப் பொருள் என்பதனாலேயே எதுவும் தீங்கற்றது ஆகிவிடாது. குன்றிமணி கண்ணைக் கவரும். அதன் ஓடு உடைந்து உள்ளே சென்றால் உயிருக்கு இடர். ஆமணக்கு விதையும் அரளியும் ஊமத்தையும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் அருகே சிறு விதைகளை வைத்தலே கூடாது. மூக்கிலும் செவியிலும் வாயிலும் இட்டுக்கொள்ளும். பெரிய குழந்தைகளுக்கும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். இருபது கொடுத்தால் இருபது திரும்ப வேண்டும். காவலும் அதுவே, கணக்கும் அதுவே.

இரண்டாவது எச்சரிக்கை ஆசிரியர்க்கு உரியது. பொருளைக் கொட்டிவிட்டு ஒதுங்கி அமர்ந்தால் கல்வி நிகழ்ந்துவிடாது. குழந்தை ஆழ்ந்திருக்கும்போது குறுக்கிடாமையும், தடுமாறும்போது ஒரு சொல் தருதலும், முடித்தபின் 'என்ன செய்தாய், சொல்' என்று கேட்டலும் ஆசிரியரின் கலை. அந்த ஒரு சொல்லைச் சரியான நேரத்தில் தருவதற்கு ஆசிரியரிடம் சொல் இருக்க வேண்டும். சருகைக் காட்டிக் குழந்தை 'இது என்ன?' என்று கேட்கும்போது, 'காய்ந்த இலை' என்பதோடு நின்றுவிடும் ஆசிரியர் ஒரு வாயிலை மூடிவிடுகிறார்.

எழுத்து எப்போது வரும்?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்பவருக்கு ஏட்டில் எழுத்தைக் காண விருப்பம் இருக்கும். அவர்களை எள்ளி நகையாடுதல் தகாது. விடை கூறுதல் வேண்டும்.

எழுதுகோலைப் பிடிக்கும் விரல்கள் முதலில் வலுப்பெற வேண்டும். களிமண் பிசைவதும், கட்டை விரலும் சுட்டு விரலும் கூடிக் கொட்டை பொறுக்குவதும், கோலமாவை இழுப்பதும் அவ்வலிமையைத் தரும். மணலில் விரலால் எழுதுவது இந்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் குழந்தைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர் அவ்வழக்கத்தைக் கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். 1797-இல் இலண்டனில் தம் முறையை நூலாக வெளியிட்டார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் அம்முறை 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. அதனோடு மணல் எழுத்தும் சென்றது. கடல் கடந்து மதிக்கப்பெற்ற மணலைப் பிறந்த ஊரின் வகுப்பறை தூசு என்று பெருக்கித் தள்ளுகிறது.

அரசுகளும் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்துள்ளன. 2019 சனவரியில் தமிழ்நாட்டின் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன. மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்விக்கென 2022 அக்டோபரில் நடுவண் அரசு வெளியிட்ட கலைத்திட்டக் கட்டமைப்பு, விளையாட்டையே அப்பருவத்துக் கற்றலின் வழியாகக் கொள்கிறது. ஆணையும் ஆவணமும் வந்துவிட்டன. வகுப்புக்கு விதையைக் கொண்டு செல்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

பாவலர்க்குரிய பணி

அவ்வாள்களுள் ஒருவராகக் கவிஞரும் இருக்க வேண்டும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைப் பாட்டை இரண்டாந்தர வேலையாக எண்ணவில்லை. தம் முழுப் புலமையையும் அதற்குத் தந்தார்கள். இன்றைய மழலையர் வகுப்பில் பிறமொழிப் பாட்டின் மெட்டில் மழையைப் போய்விடச் சொல்லி ஆடும் குழந்தைகளைக் காணலாம். மழைக்காக வானம் பார்த்திருக்கும் நாட்டுக் குழந்தைகள் அவர்கள்! இக்குறைக்குக் குழந்தைகள் பொறுப்பல்லர், ஆசிரியரும் பொறுப்பல்லர். வேறு பாட்டு அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

பத்தாண்டு நிறைவில் இவ்வட்டம் மேற்கொள்ளத்தக்க பணிகள் இரண்டு. முதலாவது, ஒவ்வோர் உறுப்பினரும் தம் தெருவுக்கு அருகிலுள்ள மழலையர் வகுப்பு ஒன்றில் ஆசிரியரின் இசைவோடு மாதம் ஒரு காலைப் பொழுதைக் கழித்தல். மேடைப் பேச்சுக்காக அன்று. தரையில் அமர்ந்து பார்ப்பதற்காக. அவ்வூர் மரங்களின், விதைகளின், காய்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து ஆசிரியர்க்கு அளித்தல். இரண்டாவது, பெரும்பொழுதுக்கு ஒன்றாக ஆறு பாட்டுகள். கையில் இருக்கும் பொருளைப் பாடும் பாட்டு. கை அசைத்துப் பாடும் பாட்டு. ஐந்து வயது நாவுக்கு எளிய பாட்டு. எழுதியதைக் குழந்தைகளிடம் முதலில் பாடிக் காட்டுங்கள். அவர்கள் மறுநாள் தாமாகப் பாடினால் அச்சுக்குக் கொடுங்கள். பாடாவிட்டால் திருத்துங்கள். அவர்களினும் நேர்மையான திறனாய்வாளர் கிடைப்பது அரிது.

ஒரு பனங்கொட்டை கிழங்காக நான்கு மாதம் போதும். வடலியாகிப் பாளை விட ஆண்டுகள் பல ஆகும். நட்டவர் நுங்கு தின்பது அரிது என்று தெரிந்தே ஊரார் பனை நட்டார்கள். இவ்வட்டத்தின் கவிதைகளைப் பொருளுணர்ந்து படிக்கப் போகும் வாசகர் இப்போது ஏதோ ஒரு வகுப்பறையில் பாயில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வயது நான்கு. அவர் கை வெறுமையாக இருக்கிறது.

அக்கையில் ஒரு விதையை வையுங்கள். அதன் பெயரையும் சொல்லுங்கள்.

வாழ்க குழந்தைகள்! வளர்க தமிழ்!